தீர்த்தகிரி மாமாவின் மாமரப் படகு

என் அக்காள் புருஷன் தீர்த்தகிரிக்கு நீச்சல் தெரியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜவ்வாது மலையில் பிறந்தவர்களில் நீச்சல் தெரிந்தவன் யார்? எங்களுக்குத் தண்ணீர் என்றால் முழங்கால் அளவு ஓடும் ஓடை, குடம் முக்குகிற சுனை, அவ்வளவுதான். அப்படிப்பட்ட மனுஷன் எண்பத்தொன்றாம் வருடம் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, பாய் கட்டி ஓடுகிற மரப்படகு ஒன்றைத் தானே செய்தார். ஊரில் பாதிப் பேர் அவருக்குப் பைத்தியம் என்றார்கள். மீதிப் பேர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நான் சக்கரவர்த்தி. பெயர்தான் சக்கரவர்த்தி, வேலை போளூர் புளி மண்டியில் மூட்டை தைப்பது. மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை மலை பஸ்ஸைப் பிடித்து அத்திக்கொல்லைக்கு வந்து, அக்காள் செல்லியம்மாள் கையால் சாமைச் சோறு தின்றுவிட்டுப் போவேன். அக்காள் புருஷனைக் கேலி செய்ய மச்சினனுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை நான் ஒரு நாளும் வீணாக்கியதில்லை.

ஊருக்குக் கிழக்கே ஒரு பள்ளம் இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் அதன் தென்கோடியில் இரண்டு பாறைகளுக்கு நடுவே கரை போட்டார்கள். இரண்டு மழையில் பள்ளம் ஏரியாகிவிட்டது. ஊரே சந்தோஷப்பட்டது. மாமா மட்டும் படவில்லை, ஏனென்றால் மூழ்கியது அவருடைய நிலம். அவருடைய அப்பா பாகம் பிரித்தபோது மேட்டு நிலத்தை மூத்தவர் கோபால்சாமிக்கும், பள்ளத்து நிலத்தை இளையவரான இவருக்கும் கொடுத்திருந்தார். அன்றைக்குப் பள்ளத்து நிலம்தான் உசத்தி. கோபால்சாமி ஒரு வார்த்தை பேசாமல் மேட்டை வாங்கிக்கொண்டார். தண்ணீர் வந்த பிறகு மாமா மேட்டில் பாதி கேட்டார். பிரித்தது பிரித்ததுதான் என்றார் அண்ணன். நியாயம் யார் பக்கம் என்று என்னைக் கேட்டால் இரண்டு பேர் பக்கமும் இருந்தது. அதனால்தான் பஞ்சாயத்தில் தீரவில்லை.

கடைசியில் வேடியப்பன் கோயில் முன்னால் மாமா கற்பூரத்தை ஏற்றி, அதைக் கையாலேயே அணைத்தார்.

"இனிமே ஒன் நெலத்துல என் காலு படாது. பட்டா என் வம்சம் தழைக்காது" என்றார்.

அண்ணனும் சளைத்தவர் இல்லை. அவரும் கற்பூரத்தை அணைத்தார். "ஒன் வாசல்ல என் காலும் படாது. பட்டா என் உசுரு என்துல்ல."

எங்கள் மலையில் கற்பூரம் அணைத்துச் சொன்ன சத்தியம் விளையாட்டில்லை. தப்பினால் சொன்னது சொன்னபடி பிடிக்கும் என்று எல்லோரும் நம்பினோம். போளூரில் ஃபேன் காற்றில் உட்கார்ந்து வேலை செய்கிற நானும் நம்பினேன்.

இதில் கோபால்சாமியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்குப் பிள்ளை இல்லை. தம்பி மகள் செந்தாமரையைத் தோளில் தூக்கிக்கொண்டே ஏர் ஓட்டியவர். சண்டைக்குப் பிறகும் அவள் பெரியப்பா வீட்டுக்குப் போவாள், வருவாள். அக்காளும் போவாள். அவர்கள் யாரும் கற்பூரம் அணைக்கவில்லையே. இரண்டு ஆண்கள் மட்டும்தான் ஒருவர் மண்ணை ஒருவர் மிதிக்காமல் வருடக்கணக்கில் வாழ்ந்தார்கள்.

பிறகு செந்தாமரையை ஏரிக்கு அக்கரையில், பலாமரத்தூரில் கட்டிக் கொடுத்தார்கள். பையன் நல்ல பையன், அதனால் கொடுத்தார்கள். ஆனால் அந்த ஊருக்கு ஒரே வழிதான். ஏரியின் வடகரையைச் சுற்றிப் போக வேண்டும், வடகரை முழுக்கக் கோபால்சாமியின் மேடு. தெற்கே கரை போய் முட்டுகிற இடம் செங்குத்துப் பாறை, ஆடுகூட ஏறாது. இல்லையென்றால் மலையிறங்கிப் போளூர் போய், வேறு பஸ்ஸில் கணியம்பாடி போய், அமிர்தி காட்டுக்குள் நடந்து மலையேற வேண்டும். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் மாமா ஒரே ஒரு முறை அப்படிப் போய் மகளைப் பார்த்தார். திரும்பி வந்து காய்ச்சலில் படுத்தார்.

அந்த வருடம் பங்குனியில் செந்தாமரை முழுகாமல் இருக்கும் செய்தி வந்தது.

தலைப்பிள்ளை அம்மா வீட்டில் பிறக்க வேண்டும். அதற்குப் பெண்ணைப் பெற்றவன் தானே சம்பந்தி வாசலில் போய் நின்று, கூழோ சோறோ அங்கே வாங்கிச் சாப்பிட்டு, பெண்ணைத் தன்னோடு கூட்டி வர வேண்டும். ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டால் அவளை ஊர் எல்லை தாண்ட விடமாட்டார்கள். தாய்மாமன் நான்தானே, நான் போய் அழைத்து வருகிறேன் என்று கிளம்பிப் போனேன். சம்பந்தியம்மாள் முனியம்மா எனக்கு மோர் கொடுத்தாள், பலாச்சுளை கொடுத்தாள், பெண்ணைக் கொடுக்கவில்லை.

"அப்பங்காரு உசுரோடதான கீறாரு? அவரு வரட்டும், அனுப்பறேன்" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. நான் மாமாவிடம் வந்து ஒரு யோசனை சொன்னேன். நீ போளூர் வழியாகப் போ, அங்கே சோறு சாப்பிடு, பெண்ணை அக்காளோடு வடகரை வழியாக அனுப்பிவிட்டு நீ மறுபடி போளூர் வழியாக வா.

"அவ ஒரு வழி, நான் ஒரு வழி. அதுக்குப் பேரு இட்டாறதா?" என்றார்.

"அப்போ ஒரு நாளைக்கு அண்ணன் நெலத்த மிதிச்சா இன்னாவாம்?"

மாமா என்னையே பார்த்தார். என் வம்சம் தழைக்காது என்று சொல்லி அணைத்த கற்பூரம். அந்த வம்சம் இப்போது செந்தாமரை வயிற்றில் இருந்தது. அந்த மனுஷனைப் பிடித்திருந்தது வீம்பு என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். பயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்புறம் அந்த விஷயத்தில் மட்டும் நான் கேலி செய்யவில்லை.

மறுநாள் மாமா ஏரிக்கரையில் நின்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கோடையில் தண்ணீர் உள்வாங்கியிருந்தது. அவர் நிலத்தில் நின்ற மாமரம், வேர் அழுகிச் செத்து, மொட்டையாக வெளியே தெரிந்தது.

"தண்ணி நின்னாலும் அடியில கீறது என் நெலம்தான? என் நெலத்து மேலயே போய்ட்டு வர்றேன்" என்றார் என்னிடம்.

சின்ன வயதில் அவர் பழவேற்காட்டுப் பக்கம் கரை போடும் வேலைக்கு ஒரு கூட்டத்தோடு போய் ஒரு கோடை தங்கியிருந்தார். அங்கே பாய்மரப் படகு பார்த்திருக்கிறார். பார்த்ததோடு சரி, தொட்டதுகூட இல்லை. ஆனால் காலையில் காற்று கரையிலிருந்து அடிக்கும், படகெல்லாம் பாய் விரித்துப் போகும். சாயங்காலம் காற்று திரும்பி அடிக்கும், அதே பாயில் எல்லாம் வீட்டுக்கு வரும் என்பது அவர் மனதில் அப்படியே நின்றிருந்தது. போவதற்கும் வருவதற்கும் காற்றே கூலியாள், நமக்கு வேலையே இல்லை என்பார்.

மாமரத்தை வெட்டி, அறுத்து, பலகைகளை வாசலில் கொண்டுவந்து போட்டார். அறுக்கும்போது ரம்பத்தின் மறுபக்கம் நான். படகு செய்யத் தெரியாதே தவிர அவருக்கு வீடு கட்டத் தெரியும். ஊரில் பாதிக் கூரை அவர் கை வைத்தது. அதனால் படகையும் கூரை மாதிரியே தொடங்கினார். முகட்டு மரம் போல ஒரு நீள மரம், அதிலிருந்து இரண்டு பக்கமும் கைமரம் போல வளைந்த கிளைகள், அதன்மேல் பலகை. எல்லாம் கவிழ்ந்த நிலையில். வாசலில் பார்த்தவர்கள் மாட்டுக்குக் கொட்டகையா என்று கேட்டார்கள்.

"ஆமா, மாடு நீஞ்சிப் போற கொட்டகை" என்பேன் நான்.

பலகையை வளைப்பதுதான் பெரிய பாடு. ஈரச் சாக்கைச் சுற்றி, கீழே நெருப்புக் காட்டி, ஒரு முனையில் நான் ஏறி உட்கார, அவர் மெல்ல மெல்ல அழுத்துவார். முதல் பலகை படார் என்று உடைந்து நான் சாணிக் குழியில் போய் விழுந்தேன். அக்காள் சிரித்த சிரிப்பு மேட்டு நிலம் வரைக்கும் கேட்டிருக்கும். கேட்டது என்று பிற்பாடு தெரிந்தது. கோபால்சாமி தினமும் தன் வரப்பில் உட்கார்ந்து, வெற்றிலை போட்டபடி, தம்பி வாசலில் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

இடுக்குகளில் கத்தாழை நாரைத் திணித்து, குங்கிலியப் பிசினை எண்ணெயில் காய்ச்சி ஊற்றினார். நான் மண்டியிலிருந்து கிழிந்த லாரித் தார்ப்பாய் ஒன்று கொண்டுவந்து, மூட்டை தைக்கிற கோணி ஊசியாலேயே பாய் தைத்துக் கொடுத்தேன். ஒரு மூங்கில் கம்பம் நிமிர்ந்தது. படகைத் திருப்பிப் போட்டதும் நான் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தேன். ஒரு பக்கம் கொஞ்சம் வீங்கியிருந்தது, மூக்கு கோணலாக இருந்தது. ஆனாலும் அது படகுதான்.

ஆவணி பிறந்ததும் ஏரி நிரம்பியது. செந்தாமரைக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஊரே கூடித் தூக்கிப் போய்ப் படகைத் தண்ணீரில் விட்டோம். மாமா தலைப்பாகையோடு ஏறி உட்கார்ந்தார். ஒவ்வொரு இடுக்கிலும் தண்ணீர் கசிந்தது. கசிவு ஓட்டமாகி, அவர் கணுக்கால் நனைந்து, முழங்கால் நனைந்து, படகு கரையோரமாகவே அமைதியாக அமுங்கியது. அவர் எழுந்திருக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

நானும் அக்காளும் அவரைக் கைபிடித்துக் கரையேற்றினோம். "வேடியப்பனுக்கு இஷ்டமில்ல" என்று மட்டும் சொன்னார்.

அக்காளுக்குக் கோபம் வந்துவிட்டது. "வேடியப்பன எதுக்கு இழுக்கற? மம்புட்டிக் காம்பு ஆடுனா இன்னா பண்ணுவ?"

"தண்ணியில ஊறப் போடுவேன்."

"எதுக்கு?"

"மரம் ஊதும். இறுகிப் பூடும்." சொல்லிவிட்டு மாமா நின்றார். திரும்பி ஏரியைப் பார்த்தார்.

"கோடை பூரா வெயில்ல காய வெச்ச பலக. அது ஊறட்டும். எடுக்காத" என்றாள் அக்காள்.

படகு ஒரு வாரம் தண்ணீருக்கடியிலேயே கிடந்தது. பிறகு அதை இழுத்து, தண்ணீரை மொண்டு கொட்டி மிதக்கவிட்டோம். ஒரு மூலையில் மட்டும் வியர்த்த மாதிரி ஈரம். மற்ற இடமெல்லாம் காய்ந்த தரை.

நல்ல நாள் பார்த்து, காலையில் மாமா, அக்காள், நான் மூன்று பேரும் ஏறினோம். ஆவணிக் காற்று எங்களுக்குப் பின்னாலிருந்து அடித்தது. பாயை விரித்ததும் தார்ப்பாய் புடைத்தது, படகு நகர்ந்தது. யாரும் துடுப்பு போடவில்லை. அக்காள் என் கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாதி ஏரியில் மாமா குனிந்து தண்ணீருக்குள் பார்த்தார்.

"இங்கதான் கெணறு இருந்துச்சு" என்றார். கொஞ்சம் தள்ளி, "இங்க கேவுரு போடுவேன்." என் வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியான முகத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை.

பலாமரத்தூர்க் கரையில் ஊரே நின்றது. செந்தாமரை வயிற்றைப் பிடித்தபடி முன்னால் நின்றாள்.

"அப்பா வந்துட்டியா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள், மாமா அழுதுவிட்டார். முனியம்மா இலை போட்டாள். மாமா சம்பந்தி வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, கரையில் போய் உட்கார்ந்தார்.

"இன்னா மாமா, கெளம்பலயா?"

"இரு மச்சான். காத்து திரும்பட்டும்."

வெயில் சாய்ந்தது. காற்று திரும்பவில்லை. மலையில் ஆவணிக் காற்று என்றால் அது ஒரே பக்கம்தான் அடிக்கும். விடிந்தால் அடங்கும் என்றும் இல்லை, பொழுது சாய்ந்தால் திரும்பும் என்றும் இல்லை. ஐம்பது வருடம் அந்தக் காற்றில் சாமை தூற்றிய மனுஷனுக்கு இது தெரியாதா? தெரியும். படகில் ஏறியதும் பழவேற்காட்டு ஆளாகிவிட்டார். சாமை தூற்றுவதைச் சொல்லி நான் கேட்ட பிறகுதான் அவர் முகம் மாறியது.

நல்ல நேரம் போவதற்குள் கிளம்பச் சொல்லி முனியம்மா அவசரப்படுத்தினாள். செந்தாமரையையும் ஏற்றிக்கொண்டு, பாயைச் சுருட்டிவிட்டு, நானும் மாமாவும் துடுப்புப் போட்டோம். நாங்கள் மேற்கே இழுக்க, தென்மேற்குக் காற்று எங்களை வடக்கே தள்ளியது. கை ஓய்ந்த நேரம் படகின் அடி மெத்தென்று சேற்றில் இறங்கி நின்றது. சுற்றிலும் பார்த்தேன். தண்ணீருக்கு வெளியே சாமைப் பயிர். கோபால்சாமியின் நிலம்.

நான் குதித்துத் தள்ளினேன். தள்ளினால் நாலு ஆள் நீளம் போகும். ஏறி உட்கார்வதற்குள் காற்று மறுபடி அதே இடத்தில் கொண்டுவந்து வைக்கும். அக்காளும் இறங்கித் தள்ளிப் பார்த்தாள். மாமா மட்டும் இரண்டு காலையும் பலகைமேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீ அம்மா கூட நடந்து வூட்டுக்குப் போ கண்ணு" என்றார் மகளிடம்.

"ஒன்ன உட்டுட்டுப் போனா நீ இட்டாந்தது ஆவுமா? நான் போவல" என்றாள் செந்தாமரை. அப்பனுக்கு ஏற்ற மகள்.

கோபால்சாமி மேட்டிலிருந்து இறங்கி வந்தார். நல்ல உயரம், நரைத்த மீசை. தம்பியைப் பார்க்கவில்லை. படகின் விளிம்பைத் தடவி, இடுக்கை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"மாம்பலகையா?" என்றார், என்னிடம்.

"ஆமாங்க."

"கெணத்து மேட்டு மரமா?"

தலையாட்டினேன். அந்த மரத்தை இரண்டு பேரும் சின்ன வயதில் சேர்ந்து நட்டார்கள் என்று அக்காள் பிற்பாடு சொன்னாள். கோபால்சாமி மேடேறிப் போனார். செந்தாமரையைக்கூட ஏறிட்டுப் பார்க்காமல் போகிறாரே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. திரும்பி வந்தபோது அவர் கையில் மண்வெட்டி, பின்னால் அவருடைய இரண்டு எருதுகள்.

எருதுகளை நுகத்தில் பூட்டி, வடத்தைப் படகின் மூக்கில் கட்டினார். "செந்தாமர, நீ எறங்கி நடம்மா. குலுங்கும். ஒங்கப்பன் ஒக்காந்துக்கினே வரட்டும்" என்றார். பிறகு எருதுகளைப் பார்த்து, "நெலத்துல காலு படக்கூடாதுன்னுதான சத்தியம். மரத்துல படலாம்" என்றார்.

விளைந்த சாமைக்கு நடுவே எருதுகள் படகை இழுத்துக்கொண்டு போயின. வரப்பு குறுக்கே வந்த இடத்திலெல்லாம் கோபால்சாமி முன்னால் போய் அதை வெட்டிச் சரித்து வழி விட்டார். அவருடைய சொந்தப் பயிர் படகுக்கடியில் மடிந்துகொண்டே வந்தது. மாமா உற்சவமூர்த்தி மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்தார். படகின் விளிம்பைப் பிடித்தபடி செந்தாமரை கூடவே நடந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அக்காளைப் பார்த்தேன், அவள் அழுதுகொண்டிருந்தாள், எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பாதி வழியில் ஒரு கல்லில் மோதிப் படகின் அடிமரம் விரிசல் விட்டது. அந்தச் சத்தம் கேட்டும் மாமா இறங்கவில்லை.

மாமாவின் வாசல் எல்லையில் கோபால்சாமி நின்றுவிட்டார். எருதுகளை மட்டும் முதுகில் தட்டி முன்னே அனுப்பினார். படகு வாசலுக்குள் வந்த பிறகு மாமா இறங்கி, எருதுகளை அவிழ்த்து, தண்ணீர் காட்டி, திரும்ப அண்ணனிடம் ஓட்டிவிட்டார். கோபால்சாமி கொஞ்ச நேரம் நின்று வீட்டைப் பார்த்தார். பிறகு எருதுகளோடு போய்விட்டார்.

அடிமரத்தின் விரிசலை மாமா குங்கிலியம் வைத்து அடைத்தார். ஆனாலும் அதை ஏரியில் விட அவருக்கே தைரியம் வரவில்லை. படகு வாசலிலேயே கிடந்தது. புரட்டாசி மழையில் விளிம்புவரை தண்ணீர் நிரம்பி, ஒரு சொட்டு ஒழுகாமல் நின்றது. மாடு வந்து குடித்துவிட்டுப் போகும்.

ஐப்பசியில் ஒரு காலை செந்தாமரைக்கு வலி எடுத்தது. மருத்துவச்சி மாணிக்கம்மாள் உள்ளே போனாள். மாமா வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். எல்லையில் கோபால்சாமி வந்து நின்றதை நான்தான் முதலில் பார்த்தேன். வெற்றிலைகூடப் போடவில்லை, வாய் வெளுத்திருந்தது.

குழந்தை அழுதது. பெண் குழந்தை, இரண்டு பேரும் சுகம் என்று மாணிக்கம்மாள் உள்ளிருந்து கத்தினாள்.

கோபால்சாமி ஒரு காலைத் தூக்கினார். தன் உசுரு தன்னது இல்லை என்று சொல்லி அணைத்த கற்பூரத்தை அவர் மறந்திருக்க முடியாது. நினைவு வைத்துக்கொண்டுதான் தூக்கினார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"அண்ணா, இரு! கால வெக்காத!"

மாமா படகுக்கு ஓடினார். குடத்தை முக்கி எடுத்து ஓடிவந்து, அண்ணன் காலடியில் கவிழ்த்தார். மறுபடி ஓடினார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. நானும் ஒரு குடத்தை எடுத்தேன், அக்காள் உள்ளிருந்து ஓடிவந்து அண்டாவை எடுத்தாள். மூன்று பேரும் படகிலிருந்து மொண்டு மொண்டு வாசல் முழுக்க ஊற்றினோம். எல்லையிலிருந்து வீட்டுப் படிவரை தண்ணீர் நின்றது.

"இப்ப வா" என்றார் மாமா, மூச்சு வாங்க. "இது வாசலில்ல. தண்ணி."

கோபால்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நீச்சல் தெரியாதவர் ஆற்றில் இறங்குகிற மாதிரி மெல்ல மெல்லக் கால் வைத்து வந்தார். நடுவில் ஓரிடத்தில் வழுக்கியது. மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். படி ஏறி உள்ளே போகும்வரை விடவில்லை.